பழைய ஒற்றை என்ஜின் விமானத்தைத் தொலைதூரப் பயணத்துக்குத் தயார் செய்வது எப்படி?

அமெரிக்காவின் சிறு விமான நிலையங்களில் தனியார் விமானங்களைப் பார்த்தால், அவற்றில் கணிசமானவை 1960களிலும் 1970களிலும் செய்யப்பட்டவை என்பது தெரியும். பிஸ்டன் என்ஜின் விமானங்கள் செய்வதை 1986இல் செஸ்னா நிறுவனம் நிறுத்தியது. தயாரிப்பாளர்கள் மீதான வழக்குகளுக்குக் கால வரம்பு வகுத்த 1994ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகே அது மீண்டும் தொடங்கியது. இன்று புதிய செஸ்னா 182 ஒன்றின் விலை 5 லட்சம் டாலரைத் தாண்டும். ஆகவே உரிமம் வாங்கிய கையோடு சொந்த விமானம் தேடுபவர் கண்ணில் படுவது, அவரைவிட வயதில் மூத்த விமானமாகவே இருக்கும்.

அதில் தவறில்லை. அரிப்பு பிடிக்காத அலுமினிய உடற்பகுதி நெடுங்காலம் உழைக்கும். பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது என்பதில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். கையில் பணம் வந்ததும் முதலில் விமானி முன்னுள்ள கருவிப் பலகையான முகப்பில் மின்னணுத் திரைகளை வாங்கி மாட்டுகிறார்கள். என் வரிசை வேறு: முதலில் என்ஜின், அடுத்து எரிபொருள், பிறகு ஆட்டோபைலட்டும் வழிகாட்டும் கருவிகளும், அதன்பின் உள்ளே இருப்பவர்களின் உடல்நலம், கடைசியில்தான் வேகம்.

எடுத்துக்காட்டாக 1972 முதல் 1976 வரை வந்த செஸ்னா 182பி மாதிரியை வைத்துக்கொள்வோம். 230 குதிரைத் திறன், நான்கு இருக்கைகள், மடங்காத சக்கரங்கள், ஏறத்தாழ 135 நாட் (மணிக்கு 135 கடல் மைல்) வேகம். இதைவிட வேகமானவை உண்டு. மூனி நிறுவனத்தின் எம்20ஜே 200 குதிரைத் திறனிலேயே மணிக்கு 201 மைல் எட்டியது, பெயரிலேயே அந்த எண்ணைச் சூடிக்கொண்டது. பீச்கிராஃப்ட் நிறுவனத்தின் பொனான்சாவின் அழகைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் மடங்கும் சக்கரம் என்றாலே, பறந்த மணிநேரம் குறைந்த விமானியிடம் காப்பீட்டு நிறுவனம் இரட்டிப்புக் கேள்வி கேட்கும். முதல் விமானத்துக்கு 182 நல்ல தேர்வு. கீழே சொல்பவற்றில் பெரும்பகுதி மற்ற விமானங்களுக்கும் பொருந்தும்.

முதல் படி: போகும் ஊரைத் தாளில் எழுதுங்கள்

கருவிப் பட்டியலைத் திறக்கும் முன் ஒரு உண்மையான பயணத்தைக் கணக்குப் போடுங்கள். டாலஸிலிருந்து நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி நகருக்குப் போகிறீர்கள் என்று கொள்வோம். தூரம் ஏறத்தாழ 500 கடல் மைல். மேற்கு நோக்கிப் போகும்போது பெரும்பாலும் எதிர்க்காற்று. 25 நாட் எதிர்க்காற்று இருந்தால் 135 நாட் வேகம் 110ஆகக் குறையும், பயணம் நாலரை மணி நேரம் ஆகும். மணிக்கு 13 கேலன் வீதம் 58 கேலனுக்கு மேல் எரியும். வெளியே பார்க்காமல் கருவிகளை நம்பிப் பறக்கும் விதிகளின்படி மேலும் 45 நிமிடத்துக்கான எரிபொருள் மிச்சமிருக்க வேண்டும். அதையும் சேர்த்தால் 68 கேலன். மாற்று விமான நிலையம் குறிக்க வேண்டிய வானிலை என்றால் அதற்கும் தனியாகக் கூட்ட வேண்டும்.

இப்போது உங்கள் விமானத்தின் தொட்டியைப் பாருங்கள். சாதாரணத் தொட்டிகள் உள்ள 182பியில் பயன்படுத்தக்கூடிய எரிபொருள் ஏறத்தாழ 55 கேலன்தான். பெரிய தொட்டிகள் கேட்டு வாங்கிய விமானத்தில் 75 கேலன் வரை உண்டு. முதல் விமானம் வழியில் எங்காவது இறங்கியே ஆக வேண்டும், இரண்டாவது நேரே போய்விடும். பல ஆயிரம் டாலர் திரை எதுவும் இந்த வித்தியாசத்தை ஈடுகட்டாது.

ஆல்புகர்க்கி கணக்கு இன்னொன்றையும் சொல்லித் தரும். அந்த விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 5,355 அடி உயரத்தில் இருக்கிறது. கிழக்கே 10,678 அடி உயரச் சாண்டியா மலைமுகடு நிற்கிறது. பலரும் தெற்கே ஒதுங்கி, நெடுஞ்சாலை 40 ஊடறுத்துச் செல்லும் டிஹேராஸ் கணவாய் வழியாக நகருக்குள் இறங்குவார்கள். கோடைப் பிற்பகலில் அங்கே காற்று மெலிந்துபோய், 8,000 அடிக்கு மேல் இருப்பதுபோல் விமானம் நடந்துகொள்ளும். டாலஸில் துள்ளி எழும்பிய அதே விமானம் அங்கிருந்து திரும்பக் கிளம்பும்போது ஓடுபாதையைத் தின்றுகொண்டே போகும். ஆகவே எடை, ஆக்சிஜன், என்ஜினின் வலு ஆகிய மூன்றும் உங்கள் மேம்பாட்டுப் பட்டியலில் இப்போதே இடம் பிடித்துவிடுகின்றன.

இரண்டாம் படி: காகிதமும் தகரமும்

விமானத்தை வாங்கும் முன்னும், ஏற்கெனவே வாங்கிவிட்டால் பெரிய செலவில் இறங்கும் முன்னும், பதிவேடுகளை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். எஃப்.ஏ.ஏ. எனப்படும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பதிவகம் ஓக்லஹோமா சிட்டியில் இருக்கிறது. ஒரு விமானத்தின் முழுக் கோப்பையும் சிறு கட்டணத்துக்கு அங்கிருந்து பெறலாம். கடன் பாக்கி, பெரிய பழுதுகள், 337 எண்ணுள்ள படிவத்தில் பதிவான மாற்றங்கள் எல்லாம் அதில் வெளிப்படும். விற்பவர் சொல்லாத ஒரு பழைய விபத்து அங்கே படுத்திருக்கலாம்.

சான்று பெற்ற விமானத்தில் நினைத்ததை நினைத்த இடத்தில் பொருத்த முடியாது. பெரிய மாற்றங்களுக்குப் பெரும்பாலும் அந்த மாதிரிக்கென எஃப்.ஏ.ஏ. ஏற்ற துணைச் சான்றிதழ் வேண்டும். எஸ்.டி.சி. என்று எல்லோரும் குறிப்பிடுவது இதைத்தான். முந்தைய உரிமையாளர் உரிய ஒப்புதல் இல்லாமல் எதையாவது மாட்டியிருந்தால், அதைச் சரிசெய்யும் செலவு இனி உங்களுடையது.

பார்வையிட வைத்திருக்கும் மெக்கானிக் விற்பவருடைய ஆளாக இருக்கக் கூடாது, அந்த விமானத்தை இதுவரை பராமரித்தவராகவும் இருக்கக் கூடாது. 182இல் அவர் குறிப்பாகப் பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. மூக்குச் சக்கரத்தில் ஓங்கி இறங்கிய விமானத்தில் என்ஜினுக்குப் பின்னுள்ள தடுப்புச் சுவர் நெளிந்திருக்கும். இருக்கைகள் ஓடும் தண்டவாளத் துளைகள் தேய்ந்திருக்கலாம். அப்படியானால் மேலெழும் நேரத்தில் இருக்கை சட்டென்று பின்னால் வழுக்கும், விமானி கைக்கு வந்த கட்டுப்பாட்டுப் பிடியைத் தன்பக்கம் இழுத்துவிடுவார். இதற்காகவே 1987 முதல் கட்டாயச் சோதனை ஆணை இருக்கிறது. இருக்கை பின்னால் ஓடாமல் பிடிக்கும் இரண்டாவது நிறுத்தியும் கிடைக்கிறது. உங்கள் விமானத்தில் அது இல்லையென்றால் பட்டியலில் முதல் வரியில் எழுதுங்கள்.

மூன்றாம் படி: என்ஜின்

இந்த இடத்தில் நிதானமாக நில்லுங்கள். மலைக்கு மேலோ இருட்டிலோ இரண்டாவது என்ஜின் கிடையாது.

182பியில் இருப்பது கான்டினென்டல் ஓ-470 என்ஜின். இத்தனை மணிநேரத்தில் முழுப் பிரிப்பு வேலை செய்யலாம் என்று தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் எண் ஒன்று உண்டு. தனிப் பயன்பாட்டில் அந்த எண் சட்டக் கட்டாயமல்ல. எண் நெருங்கிவிட்டதே என்று நல்ல என்ஜினைப் பிரித்துப் போடுவதும், எண் இன்னும் தூரத்தில் இருக்கிறதே என்று மோசமான என்ஜினை நம்புவதும் ஒன்றுபோல ஆபத்து. மணிநேரத்தைவிட, வாராவாரம் பறந்ததா, மாதக்கணக்கில் சும்மா நின்றதா என்பது முக்கியம். சும்மா நிற்கும் என்ஜின் உள்ளே துருப்பிடிக்கும். குறிப்பாக வேறு பல விமானங்களில் உள்ள லைகமிங் என்ஜின்களில், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு மேல்பக்கம் இருப்பதால், எண்ணெய் வடிந்தபின் அது காய்ந்து கிடக்கும்.

நிலைமையை அறிய மூன்று பழக்கங்கள் போதும். ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்திலும் வடிகட்டியை வெட்டிப் பிரித்து, உலோகத் துணுக்குகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எண்ணெய் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். சிலிண்டருக்குள் சிறு கேமராவை நுழைத்து வெளியேற்று வால்வுகளைப் படமெடுக்க வேண்டும். வால்வின் முகத்தில் நிறங்கள் வட்டமாகச் சீராக இருந்தால் நல்லது, ஒரு பக்கம் மட்டும் சூடேறிய தடம் தெரிந்தால் அந்த வால்வு எரியத் தொடங்கிவிட்டது. இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு சொற்பம். நடுவானில் வால்வு உடைவதைத் தடுக்க இதைவிட மலிவான வழி இல்லை.

இதற்கு அடுத்ததாக வாங்க வேண்டிய முதல் கருவி, ஆறு சிலிண்டர்களின் வெப்பத்தையும் தனித்தனியே காட்டும் என்ஜின் கண்காணிப்புக் கருவி. ஜே.பி.ஐ. நிறுவனத்தின் இ.டி.எம். வரிசை பரவலாகப் புழங்குகிறது. விமானம் செய்தபோது ஒரே ஒரு சிலிண்டரின் வெப்பத்தைத்தான் முகப்பில் காட்டினார்கள். மற்ற ஐந்தும் என்ன செய்கின்றன என்பது விமானிக்குத் தெரியாது. கார்புரேட்டர் வழி எரிபொருள் போகும் ஓ-470இல் கலவை எல்லாச் சிலிண்டர்களுக்கும் ஒரே அளவில் போய்ச் சேர்வதில்லை. கருவி வந்ததும் அது உங்கள் கண்ணுக்கே தெரியும். என்ஜினின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முழுத் திறப்பிலிருந்து ஒரு மயிரிழை பின்னிழுத்தால் காற்று கலைந்து, கலவை ஓரளவு சமப்படும். இந்தச் சிறு உத்தி தெரிந்தவர்களுக்கு அதே எரிபொருளில் இன்னும் கொஞ்ச தூரம் கிடைக்கும்.

இதே என்ஜினுக்குக் கார்புரேட்டரில் பனி கட்டும் குணமும் உண்டு. வெயில் நாளிலும் ஈரக்காற்றில் அது நடக்கும். கார்புரேட்டர் வெப்பமானி இல்லாத 182இல் நான் நீண்ட பயணம் போக மாட்டேன்.

முகப்பில் சாய்வையும் திசையையும் காட்டும் பழைய சுழலிகள் வெற்றிட பம்பால் ஓடுகின்றன. அந்தப் பம்பு முன்னறிவிப்பின்றி நிற்கும். மேகத்துக்குள் அது நின்றால், பொய் சொல்லும் கருவியை நம்பிக்கொண்டே விமானம் சாயும். 2016இல் வந்த கார்மின் ஜி5 போன்ற மின்னணுக் கருவிகள் இரண்டைப் பொருத்தினால் அந்தப் பம்பையே கழற்றி எறியலாம். மின்சாரம் போனாலும் ஜி5இன் சொந்த மின்கலம் நான்கு மணி நேரம் வரை தாங்கும். ஆனால் எல்லாவற்றையும் மின்சாரத்தில் ஓட்ட முடிவுசெய்தால், 50 வருட ஆல்டர்னேட்டரையும் வயரிங்கையும் அப்படியே விட்டுவிடாதீர்கள்.

நான்காம் படி: எரிபொருள்

பழைய 182களின் இறக்கைக்குள் ரப்பர் பைகள் இருக்கின்றன. அந்தப் பைகளில் சுருக்கம் விழுந்தால் தண்ணீர் அதில் தங்கும். தரையில் வடிகுழாயில் எடுத்த மாதிரி சுத்தமாக இருக்கும், மூக்கை உயர்த்தி எழும்போது தேங்கிய தண்ணீர் என்ஜினுக்குப் போகும். இதற்கென்றே 1984இல் ஆணை வந்தது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் இறக்கையோடு ஒட்டிப் பதிந்த பழைய மூடிகள் வழியே. குடைபோல் உயர்ந்து நிற்கும் மாற்று மூடிகள் கிடைக்கின்றன. விலை குறைவு, பலன் பெரிது. சுருங்கிய பைகளை மாற்றும்போதே, விதி இடம்கொடுத்தால், பெரிய பைகளுக்குப் போய்விடுங்கள். 1979 முதல் வந்த 182களில் இறக்கையே தொட்டியாக இருக்கும், 88 கேலன் பயன்படும். வாங்கும் நிலையில் இருப்பவர்கள் இதையும் யோசிக்கலாம்.

பழைய எரிபொருள் முட்களை யாரும் நம்புவதில்லை. எரிபொருள் ஓட்டமானி ஒன்றை என்ஜின் கண்காணிப்புக் கருவியோடு இணைத்தால், மணிக்கு எத்தனை கேலன் போகிறது, இதே காற்றில் இறங்கும்போது எவ்வளவு மிஞ்சும் என்பது எண்ணாகத் தெரியும். எதிர்க்காற்று எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று இரண்டு மணி நேரத்துக்கு முன்பே தெரிந்தால், டெக்சாஸின் அமரில்லோவில் நிதானமாக இறங்கி நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கருவி நீங்கள் தொடக்கத்தில் உள்ளிட்ட அளவிலிருந்துதான் கழிக்கிறது. தொட்டிக்குள் குச்சி விட்டு அளக்கும் பழக்கத்தை விடாதீர்கள்.

ஈயம் கலந்த 100எல்எல் பெட்ரோலை விட்டு 2030க்குள் வெளியேற வேண்டும் என்று அமெரிக்காவில் இலக்கு வைத்திருக்கிறார்கள். புதிய ரப்பர் பைகளும் முத்திரைகளும் வாங்கும்போது ஈயமில்லா எரிபொருளுக்கு அவை ஏற்றவையா என்று கேட்டு வாங்குங்கள்.

ஐந்தாம் படி: ஆட்டோபைலட், பிறகு மற்றவை

முகப்பில் ஒரே ஒரு கருவிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ஆட்டோபைலட் வாங்குங்கள். திரைக்குப் பணம் போட்டு ஆட்டோபைலட்டைத் தள்ளிப்போடுபவர்களை எனக்குப் புரிவதே இல்லை. நாலரை மணி நேரம் தனியாக, சலனமுள்ள காற்றில், வரைபடம் பார்த்துக்கொண்டு, கட்டுப்பாட்டாளரோடு பேசிக்கொண்டு கையால் ஓட்டுபவர் இறங்கும் நேரத்தில் களைத்துப்போயிருப்பார். கவனம் அதிகம் தேவைப்படும் கட்டமும் அதுதான். உயரத்தையும் திசையையும் பிடித்துவைக்கும் நம்பகமான ஆட்டோபைலட் அந்தக் களைப்பை எடுத்துவிடும். 182க்குச் சான்று பெற்ற கார்மின் ஜிஎஃப்சி 500இல் ஒரு நீலப் பொத்தான் உண்டு. விமானி திசை தடுமாறிப்போனால் அதை அழுத்தினால் போதும், விமானம் சாய்வு நீங்கி நேராகிவிடும். இது ஜி5ஓடு இணைந்து ஓடுவதால், மேலே சொன்ன வெற்றிட பம்பு வேலையையும் இதையும் ஒரே தடவையில் செய்வது லாபம். முகப்பை இரண்டு முறை பிரித்தால் கூலியை இரண்டு முறை கொடுக்க வேண்டும்.

அடுத்தது, செயற்கைக்கோள் கணிப்பின் பிழையைத் திருத்தும் வாஸ் அமைப்போடு இயங்கும் ஜி.பி.எஸ். அமெரிக்காவில் வாஸ் 2003இல் பயன்பாட்டுக்கு வந்தது. தரையில் விலையுயர்ந்த கருவி ஏதும் இல்லாத சிற்றூர் ஓடுபாதையிலும், சில இடங்களில் 200 அடி வரை, செங்குத்து வழிகாட்டலோடு இறங்க அது உதவுகிறது. வழிகாட்டும் ரேடியோ அலை அனுப்பும் தரைநிலையங்களான வி.ஓ.ஆர். எண்ணிக்கையை எஃப்.ஏ.ஏ. குறைத்துக்கொண்டே வருகிறது. 1998இல் வந்த கார்மினின் ஜிஎன்எஸ் 430 ஜி.பி.எஸ். கருவி இன்னும் பல விமானங்களில் இருக்கிறது. வாஸ் சேர்ந்த 430டபிள்யூ நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம், அந்தப் பணத்தை ஆட்டோபைலட்டுக்கு வையுங்கள்.

விமானத்தின் இருப்பிடத்தைத் தானாக ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி அவுட், 2020 ஜனவரி 1 முதல் பெரிய விமான நிலையங்களைச் சுற்றியும் உயர்ந்த வான்பகுதிகளிலும் கட்டாயம். அதன் தகவல் பெறும் பகுதியும் இருந்தால் டேப்லெட்டில் மழைப் படம் இலவசமாக வரும். அந்தப் படத்தைப் பார்த்து இடிமேகங்களுக்கு இடையே சந்து தேடக் கூடாது. திரையில் காணும் ராடார் படம் மோசமான நிலையில் 15 முதல் 20 நிமிடம் பழையதாக இருக்கலாம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் எச்சரித்தது. அதற்குள் மேகம் இடம் மாறியிருக்கும். ஒட்டுமொத்தமாக ஒதுங்கிப் போக மட்டுமே அந்தப் படம்.

கருவிகளின் விலைப் பட்டியலைப் பார்த்து மனக்கணக்குப் போடாதீர்கள். பொருத்தும் கூலி பல நேரம் கருவியின் விலைக்கே நெருங்கி வரும். விற்கும்போது இந்தச் செலவில் பாதிகூடத் திரும்பி வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் நான்கு வாரம் என்று சொன்னால், அதற்கு மேலும் ஆகலாம் என்று எண்ணித்தான் பயணத் தேதி குறிக்க வேண்டும். இன்னொன்று: கருவிப் பறத்தல் தகுதி உங்களிடம் இல்லையென்றால், முகப்பில் போடும் பணத்தின் ஒரு பகுதியை அந்தப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். அது இல்லாமல் 200 அடி வரை இறங்கும் ஜி.பி.எஸ். வெறும் அலங்காரம்.

ஆறாம் படி: உள்ளே இருப்பவர்கள்

ஒற்றை என்ஜின் விமானத்தில் சூடான காற்று புகைக்குழாயைச் சுற்றிய உறையிலிருந்து வருகிறது. குழாயில் விரிசல் விழுந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். வாசனை இல்லை, தூக்கம்போல் வந்து ஆளைச் சாய்க்கும். நிறம் மாறும் மலிவான அட்டைகளை நம்பாமல், ஒலி எழுப்பும் மின்னணு உணரி வாங்குங்கள். இந்தக் கட்டுரையில் சொன்ன எதையும்விட டாலருக்கு அதிகப் பாதுகாப்புத் தருவது இதுதான்.

12,500 அடிக்கு மேல் அரை மணி நேரத்தைத் தாண்டினால் விமானிக்கு ஆக்சிஜன் கட்டாயம், 14,000க்கு மேல் எப்போதும் கட்டாயம். ஆனால் சட்டம் கேட்காத 10,500 அடியிலேயே நடுவயதினருக்குத் தலைவலியும் மந்தமும் வரும். கையில் தூக்கிச் செல்லும் சிறு சிலிண்டரும் விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவியும் போதும்.

தோள்பட்டை வார் 1978 ஜூலை 18க்குப் பிறகு செய்த விமானங்களின் முன் இருக்கைகளுக்குத்தான் கட்டாயமானது. உங்களுடையது அதற்கு முந்தையது என்றால் மடிவார் மட்டும் இருக்கக்கூடும், உடனே சேருங்கள். விபத்தில் தானாக அவசரச் சமிக்ஞை அனுப்பும் பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் கருவியைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரியிலிருந்து கேட்பதில்லை. 406 மெகாஹெர்ட்சுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

வேகம்

வேகம் கூட்டும் உறைகள், இடைவெளி அடைப்புகள் எல்லாம் நிறைய விற்கிறார்கள். 600 கடல் மைல் பயணத்தில் 135 நாட்டை 140 ஆக்கினால் மிச்சமாவது ஏறத்தாழ 10 நிமிடம். அதற்குமேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கடைசிப் படி: பட்டறையிலிருந்து வந்த பிறகு

பட்டறையிலிருந்து வந்த விமானத்தில் நேரே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். பறக்கும் தன்மையை மாற்றக்கூடிய மாற்றம் செய்திருந்தால், பயணியின்றி ஒரு சோதனைப் பறப்பு நடந்து பதிவேட்டில் எழுதப்பட வேண்டும் என்று விதியே சொல்கிறது. விதி கேட்காத மாற்றங்களுக்கும் உங்கள் விமான நிலையத்தைச் சுற்றியே சில பறப்புகள் செய்யுங்கள். வானம் தெளிந்த நாளில் ஆட்டோபைலட்டைத் துண்டிக்கும் எல்லா வழிகளையும் ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள்: பிடியில் உள்ள பொத்தான், முகப்பில் உள்ள விசை, கடைசியாகச் சர்க்யூட் பிரேக்கர். ஒவ்வொரு தொட்டியிலும் தனித்தனியே ஓட்டி, கருவி சொன்ன கேலனும் நிரப்பிய கேலனும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பிறகு இரண்டு மணி நேரப் பயணம், அதன்பிறகே ஆல்புகர்க்கி.

எடையும் இப்போது மாறியிருக்கும். பழைய பம்பும் ரேடியோக்களும் போய்ப் புதியவை வந்ததால் பெரும்பாலும் சில பவுண்டு குறையும், பெரிய தொட்டிகள் வந்தால் கதை வேறு. ஒரு கேலன் பெட்ரோல் 6 பவுண்டு, 75 கேலன் என்றால் 450. மொத்தமாக 1,100 பவுண்டு சுமக்கும் 182பியில் தொட்டியை நிரப்பினால் ஆட்களுக்கும் பெட்டிகளுக்கும் 650 பவுண்டு மிஞ்சும். அதாவது மூன்று பெரியவர்கள், கொஞ்சம் சாமான். நான்காவது ஆளுக்கு இடம் வேண்டுமென்றால் தொட்டியைக் குறைத்து நிரப்பி, வழியில் ஒருமுறை இறங்கத்தான் வேண்டும். காகிதக் கணக்கை நம்பாமல் விமானத்தைத் தராசில் ஏற்றச் சொல்லுங்கள். 50 வருடமாகக் கூட்டிக் கழித்து எழுதிய எடை பல பவுண்டு தவறாக இருப்பது வழக்கம். புதிய எடைச் சமநிலைத் தாளை விமானத்திலேயே வைத்து, பழையதன் குறுக்கே ‘ரத்து’ என்று தேதியோடு எழுதச் சொல்லுங்கள்.